சாவுமணியை அடித்தது யார்?

தமிழ் நாளிதழ்களில் சாவுமணி அடிக்காத வாரம் அபூர்வம். ஜனநாயகத்துக்கு அடிக்கிறது, கூட்டணிக்கு அடிக்கிறது, கைத்தறிக்கும் சிறுதொழிலுக்கும் அடிக்கிறது, சில சமயம் டெஸ்ட் கிரிக்கெட்டுக்குக்கூட அடிக்கிறது. செத்துப்போன மனிதர்களுக்கு மட்டும் பெரும்பாலும் அடிப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால் சங்கு ஊதும், சேகண்டி ஒலிக்கும், பறை முழங்கும். மணி அடிக்க வேண்டுமானால் அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். ஆனாலும் 'சாவுமணி' என்று தலைப்புப் போட்டால் எந்த வாசகரும் திகைப்பதில்லை. ஆங்கிலத்தின் 'டெத் நெல்' வேட்டி கட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் தகவல்களைத் தமிழாக்கும் மேசைகளில் வளர்ந்த சொல் அது. அப்படி ஒரு மேசையில் நானும் முப்பது வருடங்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறேன். மும்பையில் வேலை, குர்லாவில் வீடு. தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு குர்லா என்பது இறங்கி ஆட்டோ பிடிக்கும் டெர்மினஸ். எங்களுக்கு அதுதான் ஊர்.

1982 ஜனவரி 18ஆம் தேதி, தத்தா சாமந்த் தலைமையில் அன்றைய பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முடிந்தது என்று யாரும் அறிவிக்காமலே கரைந்துபோன போராட்டம் அது. அந்த வருடம் ஆங்கிலப் பிரதிகளில் 'டெத் நெல்' அடிக்கடி வந்தது. பம்பாய் ஆலைகளுக்குச் சாவுமணி என்று நானும் எழுதினேன். என் அய்யா - எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் - குர்லாவில் இருந்த ஸ்வதேசி மில்லில் தறிப் பிரிவுத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் பேப்பரை வாசித்துக் காட்டுவேன். சாவுமணி என்று வாசித்ததும் பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "மணியா? எவம்லே அடிச்சான்? கூலி எவ்ளோ குடுத்தாவ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. அதற்கு வருமுன் மணிகளின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அய்யாவின் கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது மணிகளின் வழியாகத்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, சிறு பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவர் ரஷ்யச் சிறுகதை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கித் தரச் சொன்னார். கதையில் ஒரு கிராமத்துச் சாவு. மணி அடிக்கிறது. என்னிடம் இருந்த இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஒன்று 'டோல்' என்றது, மற்றொன்று வெறும் 'ரிங்' என்றது. அடிப்பது ஒன்றானாலும் இரண்டு சொற்களும் ஒன்றல்ல. செம்பூரில் ஒரு நண்பர் இருக்கிறார். 1980களில் சோவியத் உதவித்தொகையில் மாஸ்கோவில் பொறியியல் படித்தவர். மூலத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் போனேன். அரை மணி நேரத்தில் திரும்பலாம் என்று போனவன் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

முதலில் ஆங்கிலம். 'டோல்' என்பது மணியை நிதானமாக, இடைவெளி விட்டு, ஒரே சுருதியில் அடிப்பது. இழுத்தல், கவர்ந்து அழைத்தல் என்ற பழைய பொருளிலிருந்து வந்த சொல் என்கின்றன அகராதிகள். மும்பைக்காரனுக்கு டோல் என்றால் வாஷி சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அந்த டோல் வேறு வேர், வரி என்று பொருள். விபத்துச் செய்திகளில் நாங்கள் 'பலி எண்ணிக்கை' என்று எழுதும் 'டெத் டோல்' இந்த வரி வீட்டுப் பிள்ளை, மணி வீட்டுப் பிள்ளை அல்ல. சாவு வசூலித்துக்கொண்டு போன வரி. 'நெல்' என்பது சாவுக்கான மணியோசை. உச்சரிப்பில் அப்படியே நம் வயலில் விளையும் நெல். நம்மிடமும் நெல்லுக்கும் சாவுக்கும் உறவு இல்லாமல் இல்லை, வாய்க்கரிசி இருக்கிறதே.

பழைய இங்கிலாந்துக் கிராமங்களில் உயிர் பிரியும் நேரத்திலேயே ஒரு மணி அடிப்பார்கள். போகிற உயிருக்காகக் கேட்பவர்கள் பிரார்த்திக்க வேண்டும் என்பதற்காக. இறந்த பிறகு அடிக்கும் மணிக்குக் கணக்கு உண்டு. பல ஊர்களில் ஆணுக்கு மூன்று மூன்றாக மூன்று முறை, பெண்ணுக்கு இரண்டு இரண்டாக மூன்று முறை. அப்புறம் இறந்தவரின் வயதுக்கு ஒன்றாக அடிப்பதும் உண்டு. வயலில் நிற்பவன் எண்ணிக்கொண்டே வந்து, போனது ஆண், வயது எழுபத்திரண்டு, ஆகவே இன்னார் என்று தெரிந்துகொள்வான். கவிஞரும் பாதிரியாருமான ஜான் டன் நோயில் படுத்திருந்து எழுதி 1624ல் வெளியான உரைநடையில்தான், மணி யாருக்காக அடிக்கிறது என்று கேட்டனுப்பாதே என்ற புகழ்பெற்ற எண்ணம் வருகிறது. ஹெமிங்வே 1940ல் தன் நாவலுக்குத் தலைப்பை அங்கிருந்துதான் எடுத்தார்.

ரஷ்ய மொழியில் மணியோசைக்குப் பொதுப் பெயர் 'ஸ்வோன்'. ஆனால் எதற்காக அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஒரு பெயர். பூசைக்கு அழைப்பது 'பிளாகவெஸ்த்', நற்செய்தி என்று பொருள். சாவுக்கு அடிப்பது 'பெரெபோர்'. சிறிய மணியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக, மெதுவாக, பெரிய மணி வரை அடித்துக்கொண்டே போவார்கள். குழந்தை வளர்ந்து ஆளாவது அது. பிறகு எல்லா மணிகளையும் ஒரே நேரத்தில் ஓங்கி ஓர் அடி. அதோடு வாழ்க்கை முடிந்தது. ஆங்கிலேயர்களின் மணி எண்ணிக்கை சொல்கிறது, ரஷ்யர்களின் மணி கதை சொல்கிறது என்றார் நண்பர்.

ரஷ்ய மணி ஆடாது. மணி அசையாமல் தொங்கும், கயிறு கட்டி அதன் நாக்கை மட்டும் ஆட்டுவார்கள். நாக்குக்கும் மொழிக்கும் ரஷ்யனில் ஒரே சொல். 1591ல் உக்லிச் நகரத்தில் எட்டு வயது இளவரசன் திமித்ரி இறந்துகிடந்தபோது தேவாலய மணியை அடித்து ஊரைக் கூட்டினார்கள். கலவரம் மூண்டது. மனிதர்களைத் தண்டித்த அரசு மணியையும் தண்டித்தது. சாட்டையால் அடித்து, நாக்கைப் பிடுங்கி, காதை அறுத்து, சைபீரியாவில் உள்ள தொபோல்ஸ்க்குக்கு நாடு கடத்தினார்கள். 1892ல்தான் அது ஊர் திரும்பியது. சோவியத் காலத்தில் எண்ணற்ற மணிகள் உருக்கப்பட்டன. மாஸ்கோவின் தனிலோவ் மடாலய மணிகள் 1930ல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொங்கி, 2008ல் வீடு வந்து சேர்ந்தன. ஆட்சியாளர்களுக்கு மணியின் மேல் இவ்வளவு கோபம் ஏன்? அது ஆட்களைக் கூட்டுகிறது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உக்லிச்சில் அடித்த அபாய மணிக்கு ரஷ்யனில் 'நபாத்' என்று பெயர். அரபியிலிருந்து போன சொல். அதே சொல்தான் டெல்லி செங்கோட்டையின் நௌபத்கானாவில் இருக்கிறது. அரசன் வாசலில் முறைவைத்து முழக்கும் முரசு. 'இந்த அளவுக்கு நௌபத் வந்துவிட்டதா' என்று குர்லா மார்க்கெட்டில் இந்தியிலோ மராத்தியிலோ அலுத்துக்கொள்ளாதவர் கிடையாது. நிலைமை இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று பொருள். ஒரு முரசின் பெயர் ஒரு பக்கம் மாஸ்கோவில் மணியாகியிருக்கிறது, மறுபக்கம் எங்கள் காய்கறிக்காரர் வாயில் விலைவாசியாகியிருக்கிறது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்டார். மணி என்ற சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ரத்தினமும் மணி, நெல்லும் மணி, கண்ணுக்குள் இருப்பதும் மணி, நேரமும் மணி. தமிழரின் மிகப் புகழ்பெற்ற மணியை அடித்தது ஒரு பசு. திருவாரூரில் தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு சோழனின் ஆராய்ச்சி மணியை அடித்தது. மதுரை அரசவையில் கண்ணகி தன் ஊரை அறிமுகம் செய்யும்போது சொல்வதும் அந்தப் பசுவைத்தான். அது துக்க மணி மட்டுமல்ல, வழக்கு மணியும்கூட. ஒரு சாவுக்கு நியாயம் கேட்டு அடித்த மணி.

ஆனால் சாவைச் சொல்லும் நம் கருவி மணி அல்ல, பறை. பறை என்றாலே சொல் என்றுதான் அர்த்தம். மலையாளிகள் இன்றும் பேசுவதைப் 'பறயுக' என்கிறார்கள், நாம் 'பறைசாற்றுகிறோம்'. சங்க காலத்தில் சாவுக்கு முழங்கியது நெய்தற்பறை. ஒரு வீட்டில் நெய்தற்பறையும் மறுவீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்டு, இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நொந்துகொள்கிறார் புறநானூற்றின் பக்குடுக்கை நன்கணியார். நாலடியார் இன்னும் கடுமை. காலையில் ஒலித்த மணப்பறையே அதே வீட்டில் பிணப்பறை ஆகிவிடலாம் என்கிறது. இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இதை நான் சொல்லி முடித்ததும் செம்பூர் நண்பர் சொன்ன தகவல்தான் என்னை உட்கார வைத்தது. "உங்கள் பறை ரஷ்யனிலும் இருக்கிறது, தெரியுமா?" என்றார். 'பாரியா' என்றால் அங்கே ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன். ஆங்கிலத்தின் 'பரையா' எனக்குத் தெரியும். பறையர் என்ற சாதிப் பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அது ஐரோப்பிய மொழிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு ரஷ்யா வரை போயிருக்கிறது என்பது அன்றுதான் தெரியும். எங்கள் சாவுகளின் ஓசை எந்த மொழிக்கும் போகவில்லை. அதை அடித்தவன் மேல் சுமத்திய இழிவு மட்டும் கப்பலேறி உலகமெல்லாம் போயிருக்கிறது.

அய்யா பம்பாய்க்கு வந்த கதை இதுதான். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஊரில் யார் செத்தாலும் எங்கள் தெரு ஆண்கள் பறையோடு போய் நிற்க வேண்டும். பிணம் எடுக்கும்வரை, ஒரு நாளோ இரண்டு நாளோ, தெருவில் நின்று அடிக்க வேண்டும். தோல் தளர்ந்தால் வைக்கோல் தீயில் காய்ச்சி மறுபடி அடிக்க வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் உள்ள உறவினர்களுக்குக் கேதம் சொல்லப் போவதும் எங்கள் வேலை. தந்தி, தபாலெல்லாம் அப்புறம். எங்கள் ஆட்களின் கால்தான் அந்த ஊரின் துக்க மணி. கூலியைக் கையில் கொடுக்கமாட்டார்கள். தானியமோ சில்லறையோ தரையில் வைப்பார்கள், குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த ஊரிலிருந்து கேதம் சொல்ல யாரும் நடந்ததில்லை.

1951ல் அய்யாவின் தாத்தாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. இனி நீ மாட்டு என்று பறையைப் பதினேழு வயதுப் பையனிடம் நீட்டினார்கள். அவர் ரயிலேறிவிட்டார். தாராவியில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் சில மாதம், பிறகு குர்லாவில் மில் வேலை. மில்லின் ஊதலை எங்கள் ஆட்கள் 'சங்கு' என்றுதான் சொல்வார்கள். மராத்திக்காரர்களுக்கு அது 'போங்கா'. ஊரில் பிணத்துக்கு ஊதிய சங்கு இங்கே வேலைக்கு ஊதியது. அந்தச் சங்கு யாரையும் சாதி பார்த்துக் கூப்பிடவில்லை என்பதில் அய்யாவுக்கு ஒரு சந்தோஷம். ஊதினால் எல்லோருமே ஓடத்தான் வேண்டும். ஸ்வதேசி மில் 2000ல் மூடப்பட்டது. அதற்கு மணியும் அடிக்கவில்லை, சங்கும் ஊதவில்லை. ஊதாமல் போனதுதான் செய்தி.

நாங்கள் இருந்த சாலில் அடுத்த அறையில் ஒரு கிறிஸ்தவப் பாட்டி இருந்தார். மும்பையின் பூர்வீகக் கத்தோலிக்கர்களான ஈஸ்ட் இந்தியன் சமூகம். குர்லாவின் ஹோலி கிராஸ் தேவாலயம் போர்த்துக்கீசியர் காலத்தில் கட்டப்பட்டு 1848ல் புதுப்பிக்கப்பட்டது. மும்பையின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. அந்தப் பக்கத்து கிறிஸ்தவர்களுக்கு மணி என்பது மராத்தியர், ஆங்கிலேயர் என்று பல ஆட்சிகளைப் பார்த்த சமாச்சாரம். 1739ல் சிமாஜி அப்பா வசையைப் பிடித்தபோது தேவாலய மணிகளை மராத்தியப் படையினர் எடுத்துப்போய்க் கோயில்களில் கட்டினார்கள். நாசிக்கின் நாரோசங்கர் கோயிலிலும் பீமாசங்கரிலும் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் சாவுக்கு அழுத மணி இப்போது பக்தர் கை பட்டு ஒலிக்கிறது. பாட்டி துக்க மணி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். முஸ்லிம் வீடுகளில் மையத் என்றால் மசூதி ஒலிபெருக்கியில் பெயரும் தொழுகை நேரமும் சொல்வார்கள். நாங்கள் எல்லோரும் எல்லோருடைய சாவையும் கேட்டுக்கொண்டுதான் வாழ்ந்தோம்.

1991 ஜூலையில், ஒரு மழை இரவில் அய்யா இறந்தார். பறை கூடாது என்று பல வருடம் முன்பே சொல்லியிருந்தார். தாராவியிலிருந்து மேளம் வரவழைக்கலாம் என்று உறவினர்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கும் வேண்டாம் என்றேன். ஓசையில்லாமல் கிடத்தியிருந்தோம். பாட்டி வந்து பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "உங்களுக்கு மணி கிடையாதா? பின் ஊருக்கு எப்படித் தெரியும்?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் இரண்டு பேரன்களை எழுப்பி மழையில் அனுப்பினார். அவர்கள் நான்கு சால்களிலும் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். பெரும்பாலும் வேறு மொழி, வேறு மதக் கதவுகள். விடியும்போது வராந்தா கொள்ளவில்லை. இரவு ஷிப்ட் முடிந்த தறிப் பிரிவு ஆட்கள் மில்லிலிருந்து நேராக வந்து தோள் கொடுத்தார்கள். என் அய்யாவுக்காகக் கேதம் சொல்ல இரண்டு பேர் நடந்தார்கள். கூலி இல்லாமல், யாரும் ஏவாமல்.

ரஷ்யக் கதைக்குத் திரும்பி வந்தபோது எனக்குச் சிரமம் இருக்கவில்லை. 'துக்க மணி' என்று போட்டேன். தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் புழங்குகிற சொல். சின்ன மணியிலிருந்து பெரிய மணிக்குப் போவதை ஒரு வாக்கியமாக எழுதிச் சேர்த்தேன். 'சாவுமணி'யை அரசியல்வாதிகளுக்கே விட்டுவிட்டேன்.

என் வீட்டில் இப்போது பறை இருக்கிறது. கொண்டுவந்தவள் பேத்தி. கல்லூரியில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போய்ப் பறை கற்றுக்கொள்கிறாள். முதல் நாள் அதை ஹாலில் சாய்த்து வைத்தபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். நாற்பது வருடமாகத் தொடாததை, அய்யா ரயிலேறித் தப்பித்ததை, இவள் லோக்கல் ரயிலில் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறாள். "அவங்க குடுத்த வேலைதான் கேவலம், தாத்தா. வாத்தியம் என்ன பண்ணுச்சு?" என்றாள். ஒத்தையடி, மருளடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி என்று அடிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். அய்யாவுக்கு இவை எல்லாம் தெரிந்திருக்கும். எங்களிடம் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

தமிழ்நாட்டில் பல கிராமங்களில் சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக எங்கள் மக்கள் அடிபட்டிருக்கிறார்கள். அதே பறையை மேடையில் ஏற்றி உரிமை முழக்கமாக்கியவர்களும் அவர்கள்தான். இரண்டும் ஒரே போராட்டம் என்கிறாள் பேத்தி. 2025ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்ததைக் கைபேசியில் காட்டினாள். எவ்வளவு பணம் என்று என்னையறியாமல் கேட்டேன். "பத்ம விருதுக்குப் பணம் கிடையாது தாத்தா" என்றாள். அப்படியானால் சரி.

இப்போது நாங்கள் இருப்பது லிப்ட் வைத்த கட்டடம். 2020ல் கொரோனா காலத்தில் ஆம்புலன்ஸ் ஒலிதான் எல்லோருக்கும் பொதுவான மணியாக இருந்தது, கேட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் போகவில்லையோ என்னவோ. சில மாதங்களுக்கு முன் மூன்றாவது மாடியில் ஒருவர் இறந்ததை வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். பதினெட்டு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

போன வாரம் பேத்தி பறையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "உங்களுக்கு அடிக்கட்டுமா தாத்தா?" அவள் பாட்டி சமையலறையிலிருந்து அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அய்யாவின் பிள்ளை என்ற முறையில் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அடி. ஆனால் அதற்கு முன்னால் மாடி மாடியாகப் போய் எல்லாக் கதவையும் தட்டு. கூலி யார் கொடுத்தாலும் வாங்காதே.